முடிவைச் சொன்னால் யாருக்கு நட்டம்?

ஒரு புதுப்படம் வந்த முதல் வாரத்தில் அதன் முடிவை யாரிடமாவது சொல்லிவிட்டால் இன்றைக்கு அது பெரிய குற்றம். 'ஸ்பாய்லர்' என்று அதற்குப் பெயர். கெடுப்பது என்று பொருள். நம் கூட்டங்களுக்கு வருகிற மாணவத் தோழர்கள்கூட ஒரு படத்தைப் பற்றி விவாதம் ஆரம்பித்ததும், "அண்ணே, நான் இன்னும் பாக்கல. கிளைமாக்ஸ சொல்லிடாதீங்க" என்று எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். படத்தைப் பேசக் கூடிய கூட்டத்தில் படத்தைப் பேச முடியவில்லை. முடிவு காதில் பட்டாலே படம் கெட்டுப்போகும் என்கிறார்கள். பட்டால் கெடும், தொட்டால் கெடும் என்கிற நம்பிக்கை நமக்கு வேறு வகையில் நன்றாகப் பழக்கமானது. ஆகவே இந்த ரசனை விதி யாருடையது, இதனால் யாருக்கு லாபம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இது முதலில் வியாபார விதி. லண்டனில் 1952இல் தொடங்கிய 'மவுஸ்டிராப்' நாடகத்தில் கொலையாளி யார் என்று வெளியே சொல்ல வேண்டாம் எனப் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். 1960இல் ஹிட்ச்காக் தன் 'சைக்கோ' படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். தமிழில் 1954இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டே கிடையாது. எடுத்த எடுப்பில் சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டது யார் என்பதுதான் படம். இப்படிப்பட்ட துப்பறியும் கதைகளுக்கு ரகசியம் தேவைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துப்பறியும் கதைக்கு உரிய ஒரு விதியை எல்லாக் கதைக்கும் விதியாக்கியது முதல் மூன்று நாள் வசூல். முடிவு காதில் விழும் முன்னே பார்த்தாக வேண்டும் என்றால் முதல் நாளே பார்த்தாக வேண்டும். முதல் நாள் டிக்கெட் என்ன விலைக்குப் போகிறது என்று தெருவில் நிற்கிற எந்தப் பையனும் சொல்வான். கூலி வாங்கி, அதில் மிச்சம் பிடித்து, மூன்றாவது வாரம் படம் பார்க்கிறவனுக்கு இந்த ஒழுக்கத்தில் இடமே இல்லை. அவன் வரும்போது எல்லாரும் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். அப்போது அவனுக்காக யாரும் வாயை மூடுவதில்லை.

•

நம் சனங்கள் கதை கேட்ட விதம் வேறு.

எங்கள் செய்யாறு பக்கம் பாரதக் கூத்து நடக்கும். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிற கிழவிக்கு அபிமன்யு செத்துப்போவான் என்று தெரியும். துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரியும். சாவு வீட்டுக் காரியத்தில் 'கர்ணமோட்சம்' வைப்பார்கள். கர்ணனுக்கு என்ன நேரும் என்று தெரியாத ஒரு பிள்ளைகூட அங்கே இருக்காது. தெரிந்துதான் அழுகிறார்கள். தெரிந்ததனால்தான் வேஷக்காரன் எங்கே நிறுத்துகிறான், எந்த இடத்தில் அடவு மாறுகிறது, கட்டியக்காரன் இந்த வருசம் யாரைக் குத்திப் பேசுகிறான் என்று கவனிக்க முடிகிறது. முடிவு தெரிந்தவன்தான் நல்ல பார்வையாளன் என்பது கூத்தின் இலக்கணம்.

சினிமா வந்தபோது பாட்டுப் புத்தகம் வந்தது. சந்தையிலும் தியேட்டர் வாசலிலும் சில பைசாவுக்கு விற்கும். பாட்டோடு கதைச் சுருக்கமும் போட்டு, கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். முக்கால் கதையை அவர்களே சொல்லிவிட்டுக் கால் கதைக்கு ஆள் சேர்த்தார்கள். நோட்டீஸ் வண்டி ஊருக்குள் வரும்போது முன்னால் பறை அடித்துப் போனவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மீதிக் கதையைச் சேரிக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். எங்கள் தெருவில் செங்கல் சூளைக்குப் போகிற ஒருவர் இருந்தார். டவுனில் படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் சாயங்காலம் மல்லாட்டை உரிக்கிற இடத்தில் அவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். சண்டை, பாட்டு, அழுகை எல்லாம் அவரே. படம் ரெண்டரை மணி நேரம் என்றால் அவர் மூணு மணி நேரம் சொல்லுவார். சினிமாக் கொட்டகைக்கே போகாத பெண்கள் அப்படித்தான் நூறு படம் பார்த்தார்கள். ஒரு டிக்கெட்டில் தெருவே பார்த்தது. இன்னொன்றும் செய்வார்: கதையை மாற்றுவார். படத்தில் பண்ணையாரைக் கதாநாயகன் மன்னித்து விடுவான். இவர் சொல்கிற கதையில் பண்ணையாள் அடித்துப் போட்டிருப்பான். பிற்பாடு அதே படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்த பெண்கள், "அவன் சொன்னதுல பாதி இல்லியே, படத்துல கொறச்சிட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

இதைத்தான் நான் நமது முதல் திரைப்பட முயற்சி என்பேன். கேமரா இல்லை, பிலிம் இல்லை. ஆனால் யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற உரிமையை அந்தச் சூளைத் தொழிலாளி கையில் எடுத்துக்கொண்டார். இன்றைய இலக்கணப்படி அவர் கதையைக் கெடுத்தவர்.

•

முடிவைச் சொன்னால் கோபிக்கிறவர்கள், தொடக்கத்தைத் திருத்தினால் கோபிப்பதில்லை. 1956இல் வந்த எம்.ஜி.ஆரின் 'மதுரை வீரன்' இதற்குச் சரியான சான்று. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு வீரன் சாவான் என்பது நாட்டுக்கே தெரியும். தெரிந்தும் படத்தைக் கொண்டாடினார்கள். அருந்ததிய மக்களின் தெய்வம் அவன். ஆனால் கதையின் முனையில் ஒரு ராஜா வந்துவிடுகிறார். அரச குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்று ஆகிவிடுகிறது. இது சினிமா புதிதாகச் செய்த திருட்டு அல்ல, கதைப்பாடல்களிலேயே நுழைந்துவிட்டது. சினிமா அதை ஊரெங்கும் கொண்டுபோய் நிலைநிறுத்தியது. நம் பிள்ளை வீரனாக இருக்கலாம், ஆனால் வீரம் அவனுக்கு நம்மிடமிருந்து வந்திருக்கக் கூடாது. முடிவு பத்திரமாக இருந்தது. பிறப்புதான் கெடுக்கப்பட்டது. இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

ரசிகர் மன்றத்தையும் இந்த இடத்தில் பேசிவிட வேண்டும். 1980களிலும் 90களிலும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்கு ஒரு மன்றம் இருந்தால் சேரிக்கு ஒரு மன்றம் இருக்கும். தலைவர் ஒருவரேதான். படமும் ஒன்றுதான். பலகை மட்டும் இரண்டு. ரிலீஸ் அன்றைக்குச் சேரி மன்றத்து ஊர்வலம் ஊர்த்தெரு வழியாகப் போக முடியாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரே நடிகனுக்கு விசில் அடிக்கிற இரண்டு வாய்கள் ஒரே டம்ளரில் டீ குடிக்க முடியவில்லை. ஆனாலும் மன்றங்களை மொத்தமாகக் கேவலம் பேசுகிற மேட்டிமை எனக்கு உடன்பாடு இல்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய ஆங்கில நூலில், திரையில் ஏழைகளுக்காகப் போராடிய பிம்பம் ஏழைகளையே எப்படிக் கட்டிப்போட்டது என்று காட்டினார். அது முக்கியமான ஆய்வு. அதோடு இன்னொன்றும் உண்மை: பெயர் எழுதிய பலகை, சொந்தமாக ஒரு கொடி, செயலாளர் பொருளாளர் என்கிற பதவி, ரசீதுப் புத்தகம் இதெல்லாம் நம் பையன்கள் பலருக்கு முதன்முதலில் கிடைத்தது மன்றத்தில்தான். அங்கே அமைப்பு நடத்தப் பழகியவர்கள் சிலர் பிறகு அந்தப் பலகையை இறக்கிவிட்டு அம்பேத்கர் பெயரில் பலகை மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பையன்களின் உடம்புக்குச் சினிமா என்ன மதிப்பு வைத்திருக்கிறது? 2023 ஜனவரி 11ஆம் தேதி அதிகாலை, 'துணிவு' முதல் காட்சிக்கு வந்த 19 வயது இளைஞர் ஒருவர் சென்னை கோயம்பேட்டில் ஓடிய லாரியின் மேல் ஆடி, விழுந்து இறந்தார். அதே ஆண்டு மார்ச் 30இல் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு தியேட்டரில் உள்ளே விட மறுத்தார்கள். டிக்கெட் கையில் இருக்கிறது. அதைக் காட்டுகிறார்கள். விடவில்லை. வீடியோ பரவி ஊரே கேட்ட பிறகுதான் விட்டார்கள். குழந்தைகளுக்கான தணிக்கைச் சான்றிதழைக் காரணமாகச் சொன்னார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு அந்தப் படத்தின் முடிவை யாராவது சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? கெட வேண்டியது வாசலிலேயே கெட்டாகிவிட்டது.

•

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். சாதி மீறிய காதல் என்று ஒரு தமிழ்ப்படம் தொடங்கினால், சேரியிலிருந்து வந்த பார்வையாளருக்கு முடிவை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1997இல் வந்த சேரனின் 'பாரதி கண்ணம்மா'வில் பண்ணையார் மகள் கண்ணம்மா உயிரை விடுகிறாள். பண்ணையாள் பாரதி அவள் சிதையில் குதிக்கிறான். எசமான விசுவாசம் கடைசிவரை காப்பாற்றப்படுகிறது. 2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் 'காதல்' படத்தில் மெக்கானிக் முருகன் பைத்தியமாகித் தெருவில் நிற்கிறான். அவளுடைய கணவன் பெருந்தன்மையாக அவனை அழைத்துப் போகிறான். செத்துப்போ, இல்லையென்றால் பைத்தியமாகு: இந்த இரண்டில் ஒன்று. தியேட்டரில் மற்றவர்கள் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நம் ஆட்கள் 'இதானே நடக்கும்' என்று எழுந்து வந்தார்கள். அதிர்ச்சி என்பதும் ஒரு சலுகை. முடிவு தெரியாமல் இருக்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

வெளியில் நடந்ததைப் பாருங்கள். 2013 ஜூலை 4இல் தருமபுரி இளவரசனின் உடல் ரயில் பாதையோரம் கிடந்தது. 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் ரயில் பாதையில் கிடந்தது. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் நிலையத்தருகே, சனங்கள் பார்க்க சங்கரை வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டன. வட்டம் போட்டுக் காட்டின. அதற்கு முன்னால் யாரும் 'முடிவைச் சொல்லப் போகிறோம், விருப்பமில்லாதவர்கள் விலகலாம்' என்று எச்சரிக்கை போடவில்லை. நம் சாவுக்கு ரகசியம் காக்கிற ரசனை எவருக்கும் கிடையாது.

இந்தப் பின்னணியில்தான் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) வந்தது. முதலிலேயே கருப்பி என்கிற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். தண்டவாளத்தைப் பார்த்த உடனே நமக்குக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு 'என்ன நடக்கும்' என்று நாம் பார்க்கவில்லை. 'இவனையாவது விடுவார்களா' என்றுதான் பார்த்தோம். பரியன் உயிரோடு இருப்பதுதான் அந்தப் படத்தின் திருப்பம். கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. பரியன் பிழைப்பான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் வீட்டுப் பெண்கள் இன்னும் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

ஆனால் இந்தப் படத்தைக் கொண்டாடுகிற நம் தோழர்கள் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஜோவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. தன் அப்பா என்ன செய்தார், தன் உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் பரியனை என்ன பாடு படுத்தினார்கள் என்று அவளிடம் ஒருவரும் சொல்வதில்லை. பரியனே மறைக்கிறான். சாதிக்காரப் பெண்ணின் அப்பாவித்தனம் கெட்டுவிடக் கூடாது என்று பாதிக்கப்பட்டவன் பொத்திக் காக்கிறான். படத்துக்குள்ளேயே ஒரு ஸ்பாய்லர் தடை! வாழ்க்கையில் கௌசல்யா அப்படி இருக்கவில்லை. சங்கரோடு வெட்டுப்பட்டுப் பிழைத்து, சொந்தப் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐவரின் தண்டனையைக் குறைத்தது. அது வேறு பேச்சு. தெரிந்துகொண்டு வாய் திறக்கிற பெண் நம் சினிமாவில் இன்னும் வரவில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'சாய்ராட்' (2016) முடிவை நினைத்துப் பாருங்கள். வெட்டுப்பட்டுக் கிடக்கிற அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, ரத்தக் காலடி வைத்துக் குழந்தை வெளியே நடக்கிறது. சத்தமே இல்லை. 2018இல் இந்தியில் அதை 'தடக்' என்று எடுத்தார்கள். மூலத்தைப் பார்த்தவர்களுக்கும் அதிர்ச்சி தர வேண்டுமே! முடிவை மாற்றினார்கள். கணவனும் குழந்தையும் சாகிறார்கள். பெரிய வீட்டுப் பெண் பிழைத்துக்கொள்கிறாள். அதோடு மூலத்தில் கொதித்த சாதியும் மங்கி, பணக்காரன் ஏழை விவகாரம் மாதிரி ஆகிவிட்டது. திருப்பத்தைக் காப்பாற்றினார்கள், காரணத்தைத் தொலைத்தார்கள்.

இதற்கு நேர் எதிர் 'கர்ணன்' (2021). கர்ணன் என்று பெயர் வைத்தால் அவன் செத்தாக வேண்டும். கூத்தில் செத்தான், 1964இல் சிவாஜி நடித்த படத்திலும் செத்தான். மாரி செல்வராஜின் கர்ணன் சிறையிலிருந்து திரும்பி வந்து சனங்களோடு ஆடுகிறான். பழைய முடிவு எல்லாருக்கும் தெரிந்திருப்பதனால்தான் இந்த ஆட்டத்துக்கு அர்த்தம் வருகிறது. முடிவைத் திருத்தி எழுத வேண்டுமானால் பழைய முடிவு ஊரறியத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சூளைக்காரர் செய்ததும் இதுதான்.

•

இப்போது நம் பிள்ளைகள் கையில் செல்போன் கேமரா இருக்கிறது. குறும்படம் எடுக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் லென்ஸ், எடிட்டிங், ட்ரோன் என்று பேச்சு. நல்லது. ஆனால் கதை என்ன என்று கேட்டால், "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்குண்ணே" என்கிறார்கள். கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் 'நாளைய இயக்குநர்' தொடங்கியது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அதிலிருந்து வந்தார்கள். அந்தப் போட்டி சினிமாக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது, மறுக்கவில்லை. கூடவே பத்து நிமிடப் படம் என்றால் கடைசி நிமிடத்தில் ஒரு திருகு வேண்டும் என்கிற பழக்கமும் ஊன்றிப்போனது. மலக்குழியில் இறங்கியவன் சாவதில் என்ன திருகு இருக்கிறது? சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்படுவதில் என்ன ட்விஸ்ட்?

மகாராஷ்டிரத்தில் மாலேகான் என்று ஒரு விசைத்தறி நகரம். உழைக்கும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே வீடியோ பார்லர் நடத்திய ஷேக் நாசிர், சினிமா பார்த்துப் பார்த்தே படமெடுக்கக் கற்றுக்கொண்டு, 2000த்தில் 'ஷோலே'யை மாலேகான் ஷோலேயாக எடுத்தார். நடிகர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். முடிவு தெரியாத ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. ஆனாலும் கூட்டம் கூடியது. 1975இல் வந்த மூல 'ஷோலே'யின் முடிவையே நெருக்கடிநிலைக் காலத் தணிக்கை மாற்றியது என்பதையும் சேர்த்து நினையுங்கள்: கப்பர் சிங்கைத் தாக்கூர் கொல்லக் கூடாது, போலீஸ் வந்து பிடித்துப்போக வேண்டும். முடிவை மாற்றுகிற அதிகாரத்தை அரசு சும்மா விட்டுவைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

நம் மதுரையில் ஆர்.பி. அமுதன் 2003இல் 'பீ' ஆவணப்படம் எடுத்தார். ஒரு பெண் தினமும் ஒரு தெருவில் மலம் அள்ளுகிறார். அவ்வளவுதான். மறைத்துவைக்க அதில் ஒன்றும் இல்லை. தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. பல ஊர்களில் அதைத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. இந்தப் படங்களைப் பார்க்கச் சொன்னால் நடுத்தர வர்க்க ரசிகர் சொல்கிற பதில் என்ன தெரியுமா? 'தெரிஞ்சதுதானே.' இங்கேதான் இந்த ஒழுக்கத்தின் சூட்சுமம் பிடிபடுகிறது. அவர்கள் கதை என்றால் 'சொல்லாதே'. நம் கதை என்றால் 'தெரிஞ்சதுதானே'. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்: நாம் வாயை மூட வேண்டும். 'கக்கூஸ்' படத்தில் உள்ளதெல்லாம் தெரிந்ததுதான் என்றால் போலீஸ் ஏன் புரொஜெக்டரை நிறுத்த வருகிறது?

நம்மவர்கள் எடுத்த படங்களுக்கும் இப்போது ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரஞ்சித் படம், மாரி படம் என்றால் 'நம்ம படம், வெளிய விட்டுக்கொடுக்காதே' என்கிறார்கள். வசூலுக்காகச் சொன்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் முதல் வாரம் முடிவைப் பேசாதே, இரண்டாம் வாரம் குறையைப் பேசாதே, மூன்றாம் வாரம் அடுத்த படத்தின் டீசர் வந்துவிட்டது என்று போனால், ஜோ பற்றி நான் மேலே கேட்ட கேள்வியை எப்போது கேட்பது? மஞ்சுளேயின் 'ஃபண்ட்ரி' (2013) கடைசியில் ஜப்யா எறிகிற கல் நேராக நம்மைப் பார்த்து வருகிறது. முடிவைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் அந்தக் கல் வலிக்கிறதா என்று படத்தைப் போய்ப் பாருங்கள். வலித்தால் அது கலை. முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற படத்தைக் காப்பாற்ற வேண்டியது அதை விற்கிறவர்களின் வேலை.

குறும்படம் எடுக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். முதல் காட்சியிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். எந்த ஊர், எந்த வருசம், செத்தது யார், வழக்கு என்ன ஆனது என்று திரையில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் பார்க்கிறவர் எழுந்து போகாதபடி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். திரையிட்டு முடித்ததும் விளக்கைப் போட்டு, பார்த்த பெண்களிடம் 'இந்த முடிவு உங்களுக்குச் சம்மதமா' என்று கேளுங்கள். சம்மதமில்லை என்றால் அவர்கள் சொல்கிற முடிவை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த படத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.